குறி வைத்த கையும் தவறிப்போன தோட்டாவும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேராக் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு விளையாட்டுகளைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று கோலி. லயத்து வீட்டு வாசலில் மண்ணில் குழி தோண்டி, மங்கிய வெளிச்சம் வரை ஆடுவது. கண்ணும் விரலும் சேர்ந்தால் அடி விழும், சேராவிட்டால் விழாது. மற்றொன்று தாயம். தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் ஆடுவது. அதில் விரலின் வேகத்துக்கு வேலையில்லை. கட்டை என்ன சொல்கிறதோ அதுதான் எண். எந்தக் காயை நகர்த்துவது என்பது மட்டும் ஆடுபவரின் மூளைக்கு உட்பட்டது.

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பையன் கோலியைக் குறி பார்த்து அடிக்கிறான். எதிராளியின் கோலி மீது அது 'டக்' என்று படுகிறது. எல்லாரும் பார்த்தார்கள். உடனே பக்கத்தில் இருக்கும் ஒருவர் தாயக்கட்டையை உருட்டி, "தாயம் விழவில்லை, ஆகவே அடி பட்டதாகக் கணக்கில்லை" என்கிறார். அந்த இடத்தில் என்ன நடக்கும்? அடிதடி நடக்கும்.

ஈப்போ புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இரவு நேரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து ஆடும் சில விளையாட்டுகள், ஏறக்குறைய இதே சிக்கலில் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தவித்து வந்திருக்கின்றன. துப்பாக்கி சுடும் ஆட்டமும் வேடமேற்கும் ஆட்டமும் கலந்த வகை அது. ஆங்கிலத்தில் 'ஷூட்டர் ஆர்.பி.ஜி.' என்பார்கள். 'சும்மா சுட்டுக்கொண்டிருக்கிறான்' என்று பெற்றோர் ஒதுக்கிவிடும் இந்த ஆட்டங்களுக்குள், திறமை என்பது யாருடையது என்ற நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது.

இரண்டு வீட்டுப் பிள்ளை

வேடமேற்கும் ஆட்டம் கணினியில் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டிலிருந்து வந்தது. ஆடுபவர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்கிறார். வாளை வீசினால் அது பட்டதா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். வீரனின் திறன் எண் உயர உயர, அடி படும் வாய்ப்பும் கூடும். மேசையில் உட்கார்ந்திருப்பவர் நோஞ்சானாக இருக்கலாம்; அவர் ஏற்ற பாத்திரம் மலையைப் பெயர்க்கலாம். அதுதான் அந்த ஆட்டத்தின் கவர்ச்சியே. இது தாயத்தின் உறவு.

சுடும் ஆட்டம் வேறு வீட்டுப் பிள்ளை. 1993-இல் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'டூம்' அதை உலகெங்கும் பரப்பியது. பின்னர் 'கவுன்டர் ஸ்டிரைக்' வந்தது. சைபர் கஃபேக்களில் மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும். திரையில் இருப்பவனுக்கென்று தனித் திறன் கிடையாது. மவுஸைப் பிடித்திருக்கும் கைதான் எல்லாம். இது கோலியின் உறவு.

இரண்டையும் ஒரே பானையில் போட்டுச் சமைத்தால்? திரையின் நடுவில் ஒரு புள்ளி. அதை எதிரியின் நெற்றியில் வைத்து அழுத்துகிறார் ஆடுபவர். கை தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. ஆனால் பாத்திரத்துக்குத் துப்பாக்கித் திறன் குறைவு என்பதால், தோட்டா காதோரம் போய்விடுகிறது. இங்கே தோற்றவர் யார்?

அம்பு பாய்ந்தது, படவில்லை

இந்தக் கோபத்தை அதிகம் சம்பாதித்த ஆட்டங்களில் ஒன்று 2002-இல் வந்த 'மோரோவிண்ட்'. அது துப்பாக்கி ஆட்டமல்ல. வாளும் அம்பும் கொண்டது. ஆனால் நோய் அதேதான். எதிரி முகத்துக்கு நேரே நிற்பான். வாள் அவன் உடம்பின் ஊடாகப் போவது கண்ணுக்குத் தெரியும். ஆனாலும் அடி விழாது. உள்ளே யாரோ பகடை உருட்டி, 'தவறியது' என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மேசை ஆட்டத்தில் இது உறுத்தாது. ஏனென்றால் அங்கே வாள் மனத்துக்குள் மட்டும் இருக்கிறது. கண்ணால் பார்த்த பிறகு இல்லை என்று சொன்னால் மனிதன் ஏற்க மாட்டான். அதே நிறுவனம் 2006-இல் 'ஒப்ளிவியன்' வெளியிட்டபோது பகடையைக் கைவிட்டது. வாள் பட்டால் பட்டதுதான். எவ்வளவு காயம் என்பதை மட்டும் திறன் எண் முடிவு செய்யும்.

இதற்கும் முன்பே, 2000-இல், இன்னொரு விதமான விடை கிடைத்திருந்தது. அயன் ஸ்டோர்ம் நிறுவனத்தின் ஆஸ்டின் கிளையில் வாரன் ஸ்பெக்டர் தலைமையில் உருவான 'டியஸ் எக்ஸ்' அது. சற்று நின்று பார்க்கத் தகுந்த ஆட்டம்.

அதில் ஒவ்வொரு வகை ஆயுதத்துக்கும் நான்கு படிகள் உண்டு: பயிற்சி இல்லாதவர், பயிற்சி பெற்றவர், தேர்ந்தவர், வல்லவர். பயிற்சி இல்லாதவர் துப்பாக்கியைத் தூக்கினால், திரையில் குறி காட்டும் கோடுகள் அகலமாக விரிந்து நிற்கும். அசையாமல் நின்றால் அவை மெல்ல மெல்ல நெருங்கும். நடந்தால் மறுபடி விரியும். தொலைநோக்கி வைத்த துப்பாக்கியில் கண் வைத்தால், காட்சி குடிகாரன் கையில் விளக்குப் பிடித்ததுபோல் ஆடும். வல்லவர் ஆன பிறகு அது கிட்டத்தட்ட ஆடுவதே இல்லை.

வேறுபாட்டைக் கவனியுங்கள். இங்கேயும் தோட்டா தவறலாம். ஆனால் தவறப்போகிறது என்பது சுடுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிறது. பொறுத்திருப்பதா, இன்னும் கிட்டே ஊர்ந்து போவதா, சுடாமலே சுவரோரமாக நழுவுவதா என்பது ஆடுபவரின் முடிவு. கையின் வேகம் குறைந்தவருக்கும் பொறுமை என்று ஒரு வழி கிடைக்கிறது. அது மட்டுமல்ல, திறனை உயர்த்தும் புள்ளிகள் ஆள்களைச் சுட்டு வீழ்த்துவதற்காகக் கிடைப்பதில்லை. வேலையை முடித்ததற்கும், புது இடங்களைக் கண்டுபிடித்ததற்கும் கிடைக்கும். அந்தப் புள்ளியைப் பூட்டு உடைப்பதில் போடலாம், கணினிக்குள் நுழைவதில் போடலாம், நீச்சலில்கூடப் போடலாம். நீச்சலில் போட்டவர்கள் பின்னால் வருந்திய கதை, இன்றுவரை அந்த ஆட்டத்தின் ரசிகர்களுக்கு நகைச்சுவை.

குறையும் இருந்தது. கதைப்படி நாயகன் கோடிக்கணக்கில் செலவு செய்து உருவாக்கப்பட்ட சிறப்புக் காவல் அதிகாரி. முதல் நாளில் அவனுக்குத் துப்பாக்கியை ஆடாமல் பிடிக்கத் தெரியவில்லை என்றால் கேட்பவர் சிரிப்பார்கள். 2007-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' ஆட்டத்திலும் இதே முரண்பாடு. நாயகன் தேர்ந்தெடுத்த படைவீரன். பயிற்சிப் புள்ளி போடாவிட்டால் தொலைதூரத் துப்பாக்கி அவன் கையில் தள்ளாடும்.

மரமும் கையும்

பால்மரம் வெட்டிய குடும்பத்தினருக்கு இதைப் புரியவைக்கக் கணினி தேவையில்லை.

பேராக்கின் ரப்பர் கதை கோலகங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்குகிறது. பின்னாளில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு வகைகள் வந்தபோது, விதையில் முளைத்த பழைய மரங்களைவிட அவை வெகுவாகக் கூடுதல் பால் தந்தன. அது மரத்தின் திறன். ஆனால் நல்ல மரம் இருந்தால் மட்டும் மங்கு நிறைந்துவிடாது. பட்டையைப் போதிய ஆழத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் மிஞ்சி உள்படலத்தைக் கத்தி தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அது கையின் திறன். விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும் முன்னே நிரையை முடிக்க வேண்டும்; ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறையும்.

இதில் முக்கியமானது, மங்கில் பால் குறைந்தால் காரணம் ஒளிந்துகொள்வதில்லை என்பது. மரம் கிழடா, கத்தி மொட்டையா, நேரமாகிவிட்டதா, கை மேலோட்டமாகச் சீவியதா என்பதை வெட்டியவர் பார்த்தே சொல்லிவிடுவார். மரத்தின் மீது குறை என்றால் அவர் தன் கையை நொந்துகொள்ள மாட்டார். கையின் மீது குறை என்றால் மரத்தைத் திட்ட மாட்டார்.

சுடும் ஆட்டங்களில் மனிதர்கள் கொதித்துப்போவது தோற்றதற்காக அல்ல. தோல்வி மரத்தினுடையதா, கையினுடையதா என்று தெரியாததற்காக. ஒப்சிடியன் நிறுவனம் உருவாக்கி 2010-இல் வெளிவந்த 'அல்ஃபா புரோட்டோகால்' உரையாடலிலும் கதையிலும் பாராட்டுப் பெற்றது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் சுட்டும் தோட்டா விலகிப் போகிறதே என்ற புகார் அதைக் கடைசி வரை விடவில்லை.

கை தளர்ந்தவர்களின் கதை

அப்படியானால் பகடையை முழுவதுமாகத் தூக்கி எறிந்துவிட்டால் என்ன? பல நிறுவனங்கள் அந்தப் பக்கம்தான் போயின. 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டியஸ் எக்ஸ்' இரண்டாம் பாகத்தில் ஆயுதத் திறன் படிகளே இல்லை. 2010-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 2'-இல் தோட்டா குறி வைத்த இடத்துக்குப் போயிற்று. பாத்திரத்தின் திறன் அதன் சிறப்பு ஆற்றல்களுக்குள் ஒதுங்கிக்கொண்டது. சுடும் அனுபவம் மேம்பட்டது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் பகடையை எறியும்போது அதோடு சில மனிதர்களும் வெளியே போய்விடுகிறார்கள்.

கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 'ஸ்டார்கிராஃப்ட் 2' என்ற வேகமான போர் வியூக ஆட்டத்தை ஆடிய 3,305 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆடியவர்களின் வயது 16 முதல் 44 வரை. கண் ஒன்றைப் பார்த்து, கை அதற்குச் செயல்படும் வேகம் 24 வயதிலிருந்தே குறையத் தொடங்குகிறது என்பது அவர்கள் கண்டது. 24 வயதில்! இந்த அரங்கில் இருக்கும் பலருக்கு அது திருமணத்துக்கு முந்திய வயது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. வயதில் மூத்தவர்கள் குறுக்கு விசைகளையும் எளிமையான வழிகளையும் பயன்படுத்தி அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டினார்கள். அதாவது, இடம் கொடுத்தால் அனுபவம் வேகத்தோடு போட்டி போடும். இடம் கொடுப்பது ஆட்டத்தை வடிவமைத்தவர் கையில் இருக்கிறது.

அப்படி இடம் கொடுத்த ஆட்டம் 2008-இல் பெதஸ்டா வெளியிட்ட 'ஃபால்அவுட் 3'. அதன் மூதாதையான 1997-ஆம் ஆண்டு 'ஃபால்அவுட்' முறை வைத்து ஆடுவது; எதிரியின் கண்ணையா காலையா சுடுவது என்று சாவகாசமாகத் தேர்ந்தெடுக்கலாம். அதைச் சுடும் ஆட்டமாக மாற்றும்போது ஒரு பொத்தானை வைத்தார்கள். 'வாட்ஸ்' என்பது அதன் பெயர். அழுத்தினால் உலகமே உறைந்து நிற்கும். எதிரியின் தலை, கை, கால் ஒவ்வொன்றின் மீதும் ஒரு விழுக்காடு தோன்றும். தலைக்கு 35, மார்புக்கு 70 என்பதுபோல. யோசித்துத் தேர்ந்தெடுத்த பிறகு பாத்திரம் தானே சுடும். இப்படிச் செய்வதற்கு அளவும் உண்டு. செயல்புள்ளி தீர்ந்தால் காத்திருக்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் அந்தப் பொத்தானைத் தொடாமல் தங்கள் கையாலேயே சுடலாம். அப்போதும் பாத்திரத்தின் திறன் எண் தோட்டாவின் சிதறலையும் காயத்தையும் கொஞ்சம் தீர்மானிக்கும்.

விழுக்காடு எவ்வளவு உயர்ந்தாலும் 95-க்கு மேல் போகாது. 95 என்று பார்த்துச் சுட்டுத் தவறியவர்களின் ஆத்திரம் தனிக் கதை. ஆனாலும் அது தாயக்கட்டையின் மீதான ஆத்திரம். ஏமாற்றப்பட்டோம் என்ற ஆத்திரம் இல்லை. எண்ணைக் காட்டிவிட்டுத்தான் உருட்டினார்கள்.

ஐம்பத்தைந்து வயதில் ஒருவர். இளமையில் தோட்டத்தில் உழைத்து, பிறகு ஈப்போவுக்கு வந்து தொழிற்சாலையிலோ லாரியிலோ வேலை பார்த்து, விரல் மூட்டுகள் தேய்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். மகன் ஆடுவதைப் பின்னால் நின்று பார்க்கிறார். 'கொடு, பார்க்கலாம்' என்கிறார். வெறும் சுடும் ஆட்டமாக இருந்தால் அரை நிமிடத்தில் செத்து, சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். உலகம் உறைந்து நிற்கும் ஆட்டத்தில் அவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, 'காலில் சுட்டால் ஓட மாட்டான் இல்லையா?' என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அவர் ஆடத் தொடங்கிவிட்டார் என்று பொருள்.

2015-இல் வந்த 'ஃபால்அவுட் 4'-இல் அந்தப் பொத்தான் உலகை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. பரபரப்புக்கு அது நல்லதுதான். ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அது கொஞ்சம் நட்டம்.

ஒப்புக்குச் சப்பாணி

சிறு பிள்ளைகள் அழுவார்கள் என்பதற்காகப் பெரிய பிள்ளைகள் அவர்களை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வது உண்டு. அவர்கள் அவுட் ஆனாலும் கணக்கில்லை, அடித்தாலும் கணக்கில்லை. 'ஒப்புக்குச் சப்பாணி' என்பது அதற்குப் பெயர். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது மகிழ்ச்சி. எட்டு வயதில் அதே பெயரைச் சொன்னால் வீட்டுக்கு ஓடிப்போய்விடும்.

கை தளர்ந்தவருக்கு ஆட்டம் செய்யும் உதவியில் இந்த ஆபத்து இருக்கிறது. குறியைத் தானாக இழுத்து எதிரி மீது ஒட்டிவிடும் உதவி பல ஆட்டங்களில் உண்டு. அளவோடு இருந்தால் நல்லது. மிஞ்சினால் ஆடுபவர் ஒப்புக்குச் சப்பாணிதான். பாத்திரத்தின் திறன் வழியாக வரும் உதவி அப்படிப்பட்டதில்லை. பத்து மணி நேரம் ஆடி, எந்தப் புள்ளியை எதில் போடுவது என்று யோசித்து, வேறொன்றை விட்டுக்கொடுத்து அவரே சம்பாதித்தது அது. 2020-இல் வந்த 'சைபர்பங்க் 2077' ஆட்டத்தில் எதிரியைத் தேடிப் போகும் தோட்டா கொண்ட துப்பாக்கிகள் உண்டு. குறி பார்க்கும் வேலையைத் துப்பாக்கியே ஏற்கிறது. ஆனால் அதற்கு உடம்பில் தனிக் கருவி பொருத்திக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் வேறு எதையும் பொருத்த முடியாது. கை வேகம் உள்ளவர் வேறு துப்பாக்கியை எடுத்துக்கொள்வார். இருவருமே ஆட்டத்துக்குள் மரியாதையோடு இருக்கிறார்கள்.

எல்லாத் திறன் எண்ணும் இப்படி நல்ல வேலை செய்வதில்லை. 2009-இல் தொடங்கிய 'பார்டர்லாண்ட்ஸ்' வரிசையில் தோட்டா போய்ப் படத்தான் செய்யும். ஆனால் எதிரியின் படிநிலை ஆடுபவரைவிடச் சில படி மேலே இருந்தால், எத்தனை தோட்டா பட்டாலும் அவன் அசைய மாட்டான். இதுவும் பகடையின் சர்வாதிகாரம்தான், வேறு சட்டை போட்டிருக்கிறது.

பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று. இதுவரை சொன்ன ஆட்டங்களில் பெரும்பாலானவை 17 அல்லது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை இடப்பட்டவை. பள்ளிப் பிள்ளைகள் கைப்பேசியில் ஆடுவது வேறு. 2017-இல் வந்த 'ஃப்ரீ ஃபயர்' அவற்றில் ஒன்று. அது சுடும் ஆட்டம். ஆனால் அதன் பாத்திரங்களுக்கும் தனித்தனித் திறன் உண்டு. அங்கே 'வைரம்' என்று ஒரு நாணயம் இருக்கிறது. அது உண்மைப் பணத்துக்கு விற்கப்படுகிறது. அதைக் கொடுத்துப் பாத்திரம் வாங்கலாம். ஆடிச் சம்பாதிக்கும் வழிகளும் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் 'டியஸ் எக்ஸ்' நாயகனின் திறன் அவன் நடந்த தூரத்திலிருந்து வந்தது. இங்கே அது அப்பாவின் பணப்பையிலிருந்தும் வரலாம். தாயக்கட்டையைக் கடையில் காசு கொடுத்து உருட்டச் சொல்வதுபோல. கை, பாத்திரம் என்று இரண்டு பங்காளிகள் இருந்த வழக்கில் மூன்றாவதாகப் பணம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பிள்ளை 'டாப் அப்' என்று கேட்கும்போது, அது சட்டை நிறத்துக்கா, திறனுக்கா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மீண்டும் அந்த அப்பாவும் மகனும். குறை சொன்ன அதே 'பார்டர்லாண்ட்ஸ்' வரிசையின் மூன்றாம் பாகம் 2019-இல் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது இருவரின் படிநிலையையும் சமன் செய்யும் ஏற்பாடு அதில் உண்டு. மகன் முப்பதாவது படியில் இருக்கலாம். அப்பா நேற்றுத் தொடங்கி ஐந்தாவது படியில் இருக்கலாம். ஒரே எதிரிதான், ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் படிக்கு ஏற்ற எதிரி. கிடைக்கும் பொருளும் அவரவர்க்குத் தனி. ஒருவர் பங்கை மற்றவர் அள்ள முடியாது. தாயத்தின் பக்கத்தை ஆட்டமே சரிசெய்துவிட்டது. கோலியின் பக்கத்தை அது தொடவில்லை. குறி பார்ப்பது இன்னும் அவரவர் கைதான். கன்சோலில் ஒரே தொலைக்காட்சித் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடலாம். மகன் முன்னே ஓடி நாலு பேரைச் சுடுவான். அப்பா பின்னே நின்று, பொறுமையாக ஒருவனைச் சுடுவார்.